சொல் சௌராஷ்டிரம், பேச்சு பரமக்குடி

யாத்ரீகர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் வேலையில் கால் வலிக்க மூன்று நாள் ஆகும். நாக்கு முதல் நாளே வலித்துவிடும். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி வேலையில் சேர்ந்த தோழர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை கிடைத்தது

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். பரமக்குடி நெசவாளர் வீட்டுப் பிள்ளை நான். தை மாதம் கல்யாணம். வேலையில்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். ராமேஸ்வரத்தில் குஜராத்திகள் தங்கும் சத்திரத்துக்கு மொழி தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டு ஓடினேன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம் என்றேன். மானேஜர் திருவாடானைக்காரர், இரண்டு மொழியும் தெரியாது.

"சௌராஷ்டிரம் குஜராத்துலதானப்பா இருக்கு? நாளைக்கே வந்துரு."

முதல் கோஷ்டி

கோயில் தீர்த்தங்களில் எந்த வரிசையில் குளிக்க வேண்டும் என்று எங்கள் மொழியில் விளக்கினேன். ஒரு கிழவி பல சொற்களுக்குத் தலையாட்டினாள். பேசி முடித்ததும் திருதிருவென்று மகனைப் பார்த்தாள். எங்கள் முன்னோர் தெற்கே வந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. சொற்களைப் பத்திரமாக வைத்திருந்தோம். அவற்றைக் கோக்கும் விதம் எப்போதோ தமிழாகிவிட்டது. அன்றுவரை அது எனக்கே தெரியாது. மதுரையில் ஜவுளி வியாபாரம் செய்த மகன், அம்மா சொன்னதைத் தமிழில் சொன்னார்.

"சாமானெல்லாம் எங்க வீட்டுதுதானாம். அடுக்கி வச்சது உங்க ஊர் ஆளாம்."

சாட்சிக்கு வந்தவர்

மானேஜர் முறைக்கத் தொடங்கினார். எனக்காகப் பரிந்து பேச பரமக்குடி சௌராஷ்டிர சங்கத் தலைவரை அழைத்து வந்தேன். எங்கள் மொழியில் தமிழ் ஒரு சொட்டும் கலக்கவில்லை என்று அவர் ஒரு மணி நேரம் முழங்கினார், முழுக்கத் தமிழில். விருந்தாளிகள் தூங்கிவிட்டார்கள். மானேஜர் என் பக்கம் குனிந்தார்.

"இம்புட்டுல ஒரு வரியாச்சும் அந்த மொழியில சொல்லச் சொல்லேன்ப்பா."

அந்தோணி

அக்காள்மடத்துக் குதிரைவண்டிக்காரன் அந்தோணிக்குத் தெரிந்த குஜராத்தி, வண்டியில் கேட்டுப் பிடித்த பத்துப் பதினைந்து சொற்கள். அவற்றைத் தமிழ்ப் போக்கில் கோத்து, மீதியைக் கையால் சொன்னான். யாத்ரீகர்களும் அதே மாதிரி உடைத்துப் பேசினார்கள். ஒரு வாரத்தில் கிழவிகூட அவன் பாணிக்கு வந்துவிட்டாள். மாதாகோயிலுக்குப் போகிறவன் தீர்த்த மகிமை சொல்ல, அவர்கள் கைகூப்பிக் கேட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. எப்படி முடிந்தது என்று கேட்டேன்.

"அவுக பாதி வந்தாக, நான் பாதி போனேன். நீங்கதான் பூர்வீகத்துலயே நிக்கிறீகளே."

மானேஜர் என் வேலையை அவனுக்குக் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கல்யாண விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

"நீ அறைச் சாவியெல்லாம் பாத்துக்க. அதுக்குப் பேச்சே வேணாம்."

தையில் கல்யாணம் நடந்தது. இன்றும் என் மனைவி என்னைத் திட்டும்போது சொல் குஜராத்திலிருந்து வருகிறது, திட்டு மட்டும் சுத்தப் பரமக்குடி.