பந்தல் போட்டு வளர்த்த கிரேப்

மூன்று வருடங்களுக்கு முன் மன்னார்குடி நர்சரி ஒன்றில் செடி வாங்கினேன். அட்டையில் ‘கிரேப்’ என்று தமிழில் எழுதியிருந்தது. திராட்சை என்று நம்பி மூங்கில் பந்தல் போட்டேன். அது படரவே இல்லை, நிமிர்ந்து வளர்ந்தது.

இன்று காலை நர்சரிக்காரரிடம் போய், போனில் படத்தைக் காட்டி நியாயம் கேட்டேன்.

“சார், இது கிரேப் மிர்ட்டில், பூ மரம். அட்டையில இடம் பத்தல. கிரேப்னு மட்டும் எழுதினேன்.”

“கிரேப்னா திராட்சைதானேங்க?”

“அது இங்கிலீஷ்ல ஜி போட்ட கிரேப் சார். இது சி போட்ட கிரேப்.”

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

“பிடுங்கிட்டு வாங்க, திராட்சையே தரேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து மண்வெட்டியோடு மரத்தடியில் நின்றேன். பந்தல் கழிகளுக்கு இடையே, கசக்கி விரித்த ரோஸ் காகிதம் போல, கொத்துக் கொத்தாகப் பூ. போன வருடமும் பூத்ததுதான். காய் பிடிக்குமா என்று பார்த்தேனே தவிர, பூவை நான் பார்க்கவே இல்லை.

மண்வெட்டியை வைத்துவிட்டுப் பந்தலைப் பிரித்தேன்.

இப்போது மூங்கில் சும்மா கிடக்கிறது. படர்கிற செடி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். பெயர் மட்டும் தமிழ்ப் பெயராக இருக்கட்டும்.