ஒரு வரி விடாமல்

என் மனைவிக்குப் பார்வை போன பிறகு வீட்டில் வாசிப்பு என் பொறுப்பாயிற்று. காலையில் காபி குடித்ததும் செய்தித்தாள், பத்து மணிக்கு செல்பேசியில் அவளுக்கு வந்த தகவல்கள், சாயங்காலம் பைபிள். முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள் அவள். கண் அழுத்த நோய் இரண்டே வருடத்தில் எல்லாவற்றையும் மங்கலாக்கி, பிறகு இருட்டாக்கிவிட்டது. நான் சிவகங்கை நீதிமன்றத்தில் நகல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உரக்க வாசிப்பது எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கு நான் தேவைப்பட்டதும் பிடித்திருந்தது. அதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

வாசிக்கும்போது அங்கங்கே விட்டுவிடுவேன். விபத்து, கொலை, யாருக்காவது தீராத வியாதி, இதெல்லாம் அவள் காதில் எதற்கு விழ வேண்டும் என்று நானே முடிவு செய்துகொள்வேன். அப்படித்தான் அவளோடு ஒரே பள்ளியில் பல வருடம் வேலை பார்த்த டீச்சர் இறந்துபோன தகவலையும் விட்டேன். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர் அடக்கத்துக்கு நீங்க ஏன் வரல?" என்று கேட்டுவிட்டாள்.

காரைக்குடியிலிருந்து பள்ளத்தூருக்கு பஸ்ஸில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் பேசினாள்.

"கண்ணு போனது பத்தாதுன்னு நீங்க வேற மறைக்கிறீக. உங்களுக்கு எது தோதோ அதத்தான் வாசிக்கிறீக. இனி நானா வாசிக்கணும். அதுக்கு வழி இருந்தாப் பாருங்க. இல்லாட்டி எனக்கு ஒண்ணும் வாசிக்க வேணாம்."

மறுநாள் செய்தித்தாளைப் பிரித்தேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். சுவரைத் தடவிக்கொண்டு அவள் போனதைப் பார்க்க எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது.

செல்பேசி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்தக் கண்ணாடித் திரை அவளுக்கு ஒத்துவரவில்லை. விரல் எங்கே பட்டாலும் யாருக்காவது அழைப்பு போய்விடும். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள், கீபோர்டு கட்டைகள் இருந்தால் அவளுக்குக் கண்ணே வேண்டாம். ஆகவே பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தன் பழைய லேப்டாப்பை கூரியரில் அனுப்பினாள். அதில் நான் ஆபீசில் பார்த்துப் பழகிய விண்டோஸ் இல்லை, அதற்குப் பதிலாக லினக்ஸ் என்று வேறொன்று இருந்தது. வாடகைக்குப் போன புது வீட்டில் சுவிட்சைத் தேடுவதுபோல ஒவ்வொன்றுக்கும் தேடினேன். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் வசதி அதிலேயே இருந்தது. ஆங்கிலத்தைக் கடகடவென்று வாசித்தது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் மட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் "தமிழ் லெட்டர், தமிழ் லெட்டர்" என்று சொல்லிக்கொண்டே போனது.

"தமிழ்னு எனக்கும் தெரியும். என்ன லெட்டருன்னு சொல்லச் சொல்லுங்க" என்றாள் மனைவி. கோபத்திலும் அவளுக்கு இந்த நக்கல் மட்டும் குறையாது.

மகளைக் கேட்டேன். உள்ளே இருப்பது பழைய குரல், புதிய பதிப்பு தமிழை ஒழுங்காக வாசிக்கும், ஆனால் இந்த லேப்டாப்புக்கு அது தயார் நிலையில் கிடைக்காது, மூல நிரலை இறக்கி நாமே கம்பைல் செய்துகொள்ள வேண்டும் என்றாள்.

"அப்படின்னா?"

"மாவா வாங்காம அரிசிய வாங்கி நம்மளே அரைச்சுக்கிறதுப்பா. செய்முறை உள்ள பக்கத்த அனுப்புறேன். அதுல உள்ளபடி ஒவ்வொரு வரியா அடிங்க."

உள்ளபடி என்ற சொல்லை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. நகல் பிரிவில் எங்களுக்கு இருந்தது ஒரே விதி: மூலத்தில் உள்ளது உள்ளபடி. தப்பு இருந்தால் தப்போடு எழுத வேண்டும். திருத்துவது நம் வேலையில்லை. நான் ஒரு நீள நோட்டை எடுத்து அந்தச் செய்முறை முழுவதையும் கையால் எழுதினேன். புள்ளி, கோடு, இடைவெளி எதையும் விடவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஒரு டாலர் குறி இருந்தது. அதையும் எழுதினேன். பிறகு நோட்டைப் பக்கத்தில் வைத்து அடித்தேன். பிழை. மறுபடி அடித்தேன். பிழை. மூன்று நாள் காலையும் மாலையும் இதே கதை. கீபோர்டைத் திட்டினேன், லினக்ஸைத் திட்டினேன், மகளையும் விட்டுவைக்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"பிழைங்கிறீக. என்னன்னு சொல்லுது?"

"ஏதோ இங்கிலீஷ்ல சொல்லுது."

"பாத்தீகளா, இதையும் முழுங்குறீக. ஒரு வார்த்தை விடாம வாசிங்க."

வெட்கமாகப் போயிற்று. தீர்ப்பு நகலில் ஒரு புள்ளியை விடாதவன் வீட்டில் எப்படியெல்லாம் விட்டிருக்கிறேன். திரையில் இருந்ததை அப்படியே வாசித்தேன்: "டாலர், கமாண்ட் நாட் ஃபவுண்ட்."

"டாலருன்னு ஒரு கட்டளையே கிடையாதுங்குது. அத எதுக்கு அடிச்சீக?"

"செய்முறையில இருக்கே."

"எத்தனை வரியில இருக்கு?"

"எல்லா வரியிலயும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அது வரி ஆரம்பிக்கிற அடையாளம். எங்க வகுப்புல கேள்வி நம்பரையும் சேத்துக் கூட்டுற பிள்ளைக உண்டு. உங்களப் போல."

டாலரை விட்டுவிட்டு அடித்தேன். கடவுச்சொல் கேட்டது. அடிக்க அடிக்கத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. பதறினேன். "தெரியாட்டி என்ன, அடிங்க. நான் அப்படித்தான இருக்கேன்" என்றாள். அடித்தேன். ஏற்றுக்கொண்டது.

அதிலிருந்து இருவரும் சேர்ந்தே செய்தோம். நான் வாசிப்பேன், அவள் யோசிப்பாள். இன்ன கருவி இல்லை என்று திரை சொன்னால் அதை இறக்குவோம். அது வந்ததும் வேறொன்று இல்லை என்னும். "கோவப்படாம முழுசா வாசிங்க, பேரு சரியா வேணும்" என்பாள். கடைசியில் கம்பைல் ஓடத் தொடங்கியபோது வரிகள் மழை மாதிரி கொட்டின. அவள் சொன்னபடி ஒரு வார்த்தை விடாமல் அதையும் வாசிக்கப் பார்த்தேன். "போதும் சாமி, பிழைன்னு வந்தா மட்டும் சொல்லுங்க" என்று சிரித்துவிட்டாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பிழை வரவில்லை. நிறுவியும் முடித்தோம். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன்.

"தமிழ் லெட்டர், தமிழ் லெட்டர்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மூடியை அடித்து மூடினேன். "இது நமக்கு ஆகாது. விடு."

"உங்களுக்கு ஆகாட்டிப் போகுது. எனக்கு ஆகணும்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

மறுநாள் காலை காபியைக் கையில் வைத்துக்கொண்டு அவளே ஆரம்பித்தாள். "புதுசு வந்துருச்சு. சரி. பழசு எங்குட்டுப் போச்சு?"

"பழசும் உள்ளதான் இருக்கு."

"அப்ப இப்பப் பேசுறது யாரு?"

என் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஆபீசில் திருத்திய தீர்ப்பு வந்த பிறகும் பழையது வழக்குக் கட்டின் மேலேயே கிடக்கும். அவசரத்தில் அதைத்தான் எடுத்து நகல் போட்டுக் கொடுப்பார்கள். நானே கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. செய்முறைப் பக்கத்தின் அடியில் பார்த்தால், பழையதை நீக்கிவிடச் சொல்லி கட்டளைகள் முடிந்த பிறகு தனியாக, நான் நோட்டில் எழுதாத ஒரு குறிப்பு இருந்தது. ஆனால் நீக்கும்போது இப்போது பேசுகிற ஆங்கிலக் குரலும் நின்றுபோகலாம் என்று அதிலேயே எச்சரிக்கை. அதையும் மறைக்காமல் வாசித்தேன்.

"போனாப் போகட்டும். அடிங்க" என்றாள்.

அடித்தேன். கணினியை அணைத்து மறுபடி போட்டேன். திரை வந்தது, சத்தம் வரவில்லை. செய்தித்தாளின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டபடி இருந்தாள். பிறகு மூக்கடைப்பு வந்த ஆள் பேசுவதுபோல ஒரு குரல் எழுந்தது. தமிழ்தான். பள்ளத்தூர் சுற்றுவட்டாரத்தில் நாளை பராமரிப்புப் பணிக்காக மின்தடை என்று, ஊர் ஊராகப் பெயர் சொல்லி, நிறுத்தாமல் வாசித்தது. 'ழ'வைக் கொன்றது. மற்றபடி எல்லாம் விளங்கியது.

"இதெல்லாம் பேப்பர்ல வருமா? நீங்க ஒரு நாளும் வாசிச்சதில்லையே" என்றாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

அடுத்த சில நாளில் அம்புக்குறிக் கட்டைகளை வைத்துப் பக்கம் பக்கமாக நடமாடப் பழகிவிட்டாள். இறந்துபோன டீச்சர் வீட்டுக்குத் தன் கையாலேயே ஒரு கடிதம் அடித்து அனுப்பினாள். எழுத்துப்பிழை பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

போன வாரம் நாச்சியாபுரத்திலிருந்து அவளோடு கல்லூரியில் படித்த தோழியின் மின்னஞ்சல் வந்தது. வழக்கம்போல நான் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் துழாவி இயர்போனை எடுத்து லேப்டாப்பில் சொருகி, காதில் மாட்டிக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்கு?" என்றேன்.

"எங்களுக்குள்ள உள்ளது. நீங்க கொஞ்சம் அங்குட்டுப் போயி உக்காருங்க."

கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நின்று, மறுபடியும் சிரித்தாள். எதற்கு என்று எனக்குத் தெரியாது. என்னைப் பற்றியாகவும் இருக்கலாம். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அப்படி ஒரு நிம்மதியோடு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெகு நாளாகிறது.