மாலை இறக்காத மோட்டார்

மதுரையில் கரண்டு விலையைக் குறைக்கிறார்கள் என்றதும் முதலில் துள்ளியவள் நான்தான். ஊர் வளர வேண்டும், தொழில் பெருக வேண்டும், அதற்காக மோட்டார் ஓட்டுகிறவர்களுக்குச் சலுகை என்றார்கள். நாங்களும் மோட்டார்தானே ஓட்டினோம்? என் நகைகளை விற்று, ஊரின் மேற்கு ஓரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வைத்த மாவு மில் அது. ஆனால் எங்களிடம் மட்டும் விளக்குக்கு வாங்கும் விலையையே வாங்கினார்கள். அப்படியே போனால் தீபாவளிக்குள் மெஷினை விற்றுவிட வேண்டியதுதான்.

இருவருமாக மின்சார ஆபீசுக்குப் போனோம். அதிகாரி என் பக்கம் திரும்பவே இல்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "சலுகை தொழிலுக்குங்க. நூல் மில்லுக்குக் குடுத்தா ஊருக்கே பிழைப்பு. மாவரைக்கிறது ஒரு தொழிலா? அது அடுப்படி வேலையாச்சே!"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நூல் மில்லுக்குப் போகிற பெண்கள் பரவை கிராமத்துப் பக்கமிருந்து எங்கள் வாசல் வழியாகத்தான் நடந்து வருவார்கள். கம்பும் கேழ்வரகும் போட்ட ஓலைப்பெட்டியை என்னிடம் வைத்துவிட்டு, மில்லில் வேலைச் சங்கு ஊதுவதற்குள் ஓடுவார்கள். வேலை விட்டு வரும்போது மாவு தயாராக இருக்கும். வீட்டில் திரிகையோடு மல்லுக்கட்டினால் அவர்கள் எப்படிச் சங்குக்குப் போய்ச் சேர்வார்கள்? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்!

ஆயுத பூஜை வந்தது. மோட்டாருக்குச் சந்தனம் பூசி, நானே மாலை போட்டேன். மாலையைப் போட்ட கைதான் இறக்க வேண்டும், அதுவரை மெஷினை யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மறுநாள் நான் இறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இறக்கவில்லை.

"பெரிய இடம், புள்ள. மோதாத" என்றார் இவர். எனக்கும் பயம்தான். என்னால் அந்தப் பெண்களின் கூலியும் போகுமே என்ற கவலை வேறு. மாவு கேட்டு வாசலில் வந்து கத்திய பெண்களிடம், அதிகாரி இதை அடுப்படி வேலை என்றதைச் சொல்லி, அது மாறும்வரை மாலையை இறக்க மாட்டேன் என்றேன்.

ஒருத்தி பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நீ இறக்காதக்கா. நாங்க வீட்டுத் திரிகையில அரைச்சுட்டுப் பைய மில்லுக்குப் போறோம். அடுப்படி வேலைக்கு எம்புட்டு நேரமாகுதுன்னு அவுகளும் பாக்கட்டும்."

நூல் மில்லில் சங்கு ஊதிய பிறகும் பாதி மெஷின்கள் ஆளில்லாமல் கிடந்தன. மாலை சருகாகிப்போன ஒரு நாள், அந்த அதிகாரியே எங்கள் வாசலுக்கு வந்தார். பெண்கள் வெறும் பெட்டிகளோடு சுற்றி நின்றார்கள்.

"மெஷினை ஓட்டுங்க. விலையைக் குறைச்சுத் தாரோம். நூல் மில்லுல ரொம்பக் கேட்டுக்கிட்டாக."

"அவுக கேட்டதுக்காகன்னா வேணாங்க. இதுவும் தொழில்னு உங்க வாயால சொல்லுங்க" என்றேன்.

அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தொழில்தான்" என்றார்.

ஆபீசில் தலைகுனிந்து நின்ற மனுஷன் இப்போது நிமிர்ந்தார். "என்னையப் பாத்து எதுக்குச் சொல்றீங்க? அவளப் பாத்துச் சொல்லுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்த்து இன்னொரு தரம் சொன்னார். அதற்குப் பிறகுதான் மாலையில் கை வைத்தேன்.