வெள்ளத்தாயின் பூசணிக்காய்

அந்தக் காலத்து ராஜபாளையத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேர் வெள்ளத்தாயின் காலில் கிடந்து குளித்தவர்கள்தான். ராஜாக்கள் வீடு, ராவுத்தர் வீடு, கிறிஸ்தவ வேதக்காரர் வீடு என்ற பேதமெல்லாம் அவளுக்குக் கிடையாது. தொப்புள்கொடி விழுந்த மறுநாளே அவளுக்கு ஆள் போய்விடும். வந்து மணைப்பலகையில் உட்காருவாள், சேலையை முழங்காலுக்கு மேலே சுருட்டுவாள், இரண்டு காலையும் சேர்த்து நீட்டிப் பிள்ளையை அதன்மேல் கிடத்துவாள். பிள்ளை வீறிடும். உடனே மற்றவர்களைப் போல "ஆராரோ" என்று கொஞ்சமாட்டாள். "கத்துலே கத்து, மலைக்குக் கேக்கட்டும்!" என்று அதைவிடப் பெரிய குரலில் அதட்டுவாள். அந்த அதட்டலுக்குத்தான் தாய்மார்கள் அவளைத் தேடினார்கள் என்று நினைக்கிறேன்.

அவள் வயிற்றில் மட்டும் ஒன்றும் தங்கவில்லை. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், அவள் புருஷன் பால்ச்சாமியும் பேசமாட்டார். நாம் கிளறுவானேன்?

பால்ச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டி ஓட்டுகிறவர். வாயைத் திறந்து பேசுவது பெரும்பாலும் மாட்டிடம்தான். வெள்ளத்தாய்க்கோ வண்டி நிற்கும்வரை பொறுமை இருக்காது, ஓடும்போதே குதித்துவிடுவாள். அப்படி ஒரு ஆடித் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் குதித்தபோது, வண்டித்தடத்துப் பள்ளத்தில் கால் மாட்டி வலது முழங்கால் திருகிக்கொண்டது. அங்கேயே ஒரு வைத்தியர் பச்சிலை அரைத்துப் பற்றுப்போட்டு, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்.

தப்பையை அவிழ்த்த அன்று பார்த்தால், கால் அரிவாள் மாதிரி வளைந்தே நின்றது. நீட்டு என்றால் நீளவில்லை.

"என் வேல முடிஞ்சது, இனி ஒன் வேல," என்றார் வைத்தியர். "படுத்தே கெடந்தா முட்டி இப்படியே இறுகிரும். நடக்கணும், நீட்டணும். லேசா வலிச்சா போ. சுள்ளுன்னு குத்துனா நில்லு. ரெண்டையும் மாத்திப் புரிஞ்சிக்கிடாத."

"இந்தக் காலுல பிள்ளையப் போடலாமா?"

"முட்டி தரையில படியுற அன்னைக்குப் போடு."

அவள் அதைக் கேட்டதற்குக் காரணம் ஹபீபுன்னிசா. அவளும் வெள்ளத்தாயின் காலில் கிடந்த பிள்ளைதான். தளவாய்புரத்தில் பிச்சை முகம்மதுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன இடத்தில் இரண்டு பிள்ளை பெற்றாள், இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்தாள். மூன்றாவது பிள்ளை தை மாதம் பிறக்க வேண்டும். இந்த முறை தாய்வீடான ராவுத்தர் வீட்டுக்கே வந்துவிட்டாள். "பெரியம்மா, ஒங்க காலுல கெடந்தாத்தான் இது நெலைக்கும்னு மனசுல பட்டுருச்சு," என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெள்ளத்தாய் யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டாள்.

ஆட்டிய பிறகுதான் பயம் வந்தது. தெருப் பெண்கள் வேறு, "காலத் தரையில ஊனாத தாயி," என்று ஆளாளுக்குச் சொல்லிப் படுக்க வைத்துவிட்டார்கள். அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

பால்ச்சாமி இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் காலையில் வண்டியைப் பூட்டி வாசலில் நிறுத்தினார். "பின்பலகையப் பிடிச்சிட்டு நட. ஏலலேன்னா ஏறி உக்காந்துக்கோ," என்றார். அவ்வளவுதான். மாட்டை விரட்டாமல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே மெல்ல நடந்தார். முதல் நாள் தெருமுனைவரைகூட அவளால் போகமுடியவில்லை. பிறகு கோயில்வரை, பிறகு கண்மாய்க்கரைவரை. "என்ன பால்ச்சாமி, வண்டியில பசுவக் கட்டி இழுத்துட்டுப் போற?" என்று கேலி பேசாதவர்கள் ஊரில் இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் அவளுக்குத் திமிர் ஏறிவிட்டது. பலகையைப் பிடிக்காமல் கண்மாய்க்குப் போய்த் திரும்பினாள். பாதி வழியிலேயே சுள்ளென்று குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ராத்திரி முட்டி வீங்கிவிட்டது. பால்ச்சாமி ஒரு வார்த்தை திட்டவில்லை, விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தடவினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. வீக்கம் வடிந்ததும் மறுபடி தெருமுனையிலிருந்து ஆரம்பித்தார்கள்.

நடை வந்ததே தவிர, முட்டி படியவில்லை. காலை நீட்டி உட்கார்ந்தால் முட்டிக்கு அடியில் ஒரு கை முஷ்டி நுழையும். அதைப் பார்த்துவிட்டுப் பால்ச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தையிலிருந்து ஒரு பூசணிக்காய் வாங்கிவந்தார். சும்மா வாங்கவில்லை. ஒவ்வொன்றாக இரண்டு கையிலும் ஏந்தி, பிள்ளைக் கனத்துக்குப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதில் கடைக்காரனுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம்.

"எதுக்கு இம்புட்டுப் பெருசு?" என்றாள் வெள்ளத்தாய்.

"காலுல வையி. படியும். பொறவு கொழம்பு வச்சிக்கிடலாம்." பூசணிக்காய்க் குழம்பென்றால் அவருக்கு உயிர்.

வைத்தாள். வைத்த கை சும்மா இருக்குமா? எண்ணெய் தடவியது, பயத்தமாவு தேய்த்தது. வெந்நீர் ஊற்றும்போது, இல்லாத நெற்றிக்குக் குறுக்கே அணை கட்டியது. அடுத்த வீட்டு ஜெயபாய் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஏ வெள்ளத்தாயி, பிள்ளைக்கு மொட்டை எப்ப?"

"காது குத்தும்போது சொல்லிவிடுதேன். சீரோட வா!"

மார்கழி முடிவதற்குள் முஷ்டி நுழைந்த இடத்தில் விரித்த உள்ளங்கை மட்டும்தான் நுழைந்தது. ஆனால் அதற்குமேல் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

தை பிறந்து, சீமையில் மகாராணி செத்துப்போனார்களாம் என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த வாரத்தில் ஹபீபுன்னிசாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. கொடி விழுந்ததும் ஆள் வந்தது. வெள்ளத்தாய் காலை நீட்டிக் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளங்கை நுழைந்தது.

"ரெண்டப் பறிகொடுத்த பிள்ளை அவ. எங்காலு சறுக்கி இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உசிரோட இருக்க மாட்டேன். எனக்குப் பதிலா ஜெயபாயக் கூப்பிடச் சொல்லிட்டு வந்துருதேன்," என்றாள்.

பால்ச்சாமி வண்டியைக் கொண்டுபோய் ராவுத்தர் வீட்டு வாசலில் நிறுத்தினார். உடனே திரும்பவேண்டியதுதானே என்று மாட்டை அவிழ்க்கவில்லை. வண்டி நன்றாக நின்ற பிறகுதான் அவள் இறங்கினாள். அதைப் பார்க்க அவருக்கு என்னவோ போலிருந்தது.

உள்ளே அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. "கால் படியல தாயி," என்றாள் வெள்ளத்தாய். ஹபீபுன்னிசா நம்பவில்லை. "பொய்யா சொல்லுதேன்? நீயே பாரு." மணைப்பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, முட்டிக்கு அடியில் கையை விட்டுக் காட்டினாள். "பாத்தியா?"

ஹபீபுன்னிசா அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. குனிந்து பிள்ளையை அந்தக் கால்கள்மேல் கிடத்திவிட்டாள்.

இத்தனை நாள் கிடந்த பூசணிக்காய் அசைந்ததில்லை. இது உதைத்தது. உதைத்துப் பக்கவாட்டில் புரண்டது. வெள்ளத்தாய்க்கு யோசிக்க நேரமில்லை. இரண்டு காலும் தாமாகவே இறுகிப் பிள்ளையை ஏந்திக்கொண்டன. முட்டியில் ஒரு வலி ஓடியது. "ஆத்தீ!" என்று கையை உருவப் பார்த்தாள். வரவில்லை. அவள் கை அவள் முட்டிக்கும் தரைக்கும் நடுவே வசமாகச் சிக்கிக் கிடந்தது.

சிக்கிய கையைப் பார்த்தாள். அப்படியே கொஞ்ச நேரம் அழுதாள். பிள்ளையும் அழுதது. ஹபீபுன்னிசாவும் அழுதாள். பிறகு வெள்ளத்தாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெந்நி எங்கட்டி? பிள்ளை வெறைக்குதுல்லா!" என்று அதட்டினாள்.

வாசலில் பால்ச்சாமிக்கு முதலில் பிள்ளையின் வீறல் கேட்டது. அடுத்தாற்போல, "கத்துட்டி கத்து, மலைக்குக் கேக்கட்டும்!" என்று அதைவிடப் பெரிய குரல் கேட்டது. அவர் மாட்டை அவிழ்த்து வைக்கோல் போட்டார்.

அன்று சாயங்காலம் அவள் புளியைக் கரைத்துவைத்துவிட்டு, "இந்தாங்க, அதை வெட்டிக் குடுங்க. கொழம்பு வைக்கேன்," என்றாள். முழுப் பூசணியைப் பொம்பளை வெட்டக்கூடாது என்பது ஊர் வழக்கம். பால்ச்சாமி அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். எண்ணெய் குடித்துக் குடித்துப் பளபளவென்று மூலையில் உட்கார்ந்திருந்தது அது. இப்படிப் புரட்டினார், அப்படிப் புரட்டினார். கடைசியில் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டுத் திரும்பினார்.

"சந்தையில வேற வாங்கியாரேன்," என்றார்.