கியர்பெட்டிக்குள் மரத்தூள்

செம்பூரில் எங்கள் கட்டடத்தின் கீழே, மகன் புதிதாக வாங்கிய பழைய டீசல் ஜீப்பின் கியர் ஆயிலை மெக்கானிக் இறக்கிக்கொண்டிருந்தான். அந்தக் கந்தக வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கன்னம் எரிந்தது.

அறுபதுகளில் அப்பாவும் தாராவியில் இப்படி ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கினார். டிராம்பே சேற்றுப் பாதையில் லாரி போகாது. அங்கே கட்டட வேலைக்குச் சாமான் ஏற்றலாம் என்று நம்பி, தோல் கிடங்கு வேலையை விட்டுவிட்டார். கியர் போட்டால் வண்டி ஊளையிட்டது. அம்மாவின் தம்பி மெக்கானிக். புதுப் பல்சக்கரம் மாட்டித் தருகிறேன் என்று வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அப்போது எனக்கு எட்டு வயது. தச்சுக்கடையில் மரத்தூள் வாங்கி வரச் சொன்னார். பாவாடையில் அள்ளி வந்தேன்.

“எதுக்கு மாமா?”

“ஏட்டி, வண்டிக்குப் பசிக்குல்லா, அதான் தவிடு.”

நான் சிரித்தேன். வண்டியின் ஊளை நின்றது. அப்பா ஊரெல்லாம் மாமா புகழ் பாடினார்.

பத்தே நாளில், சுமையோடு சேற்றில் கியர்பெட்டி இறுகிப்போய் வண்டி நின்றது. வேறொரு மெக்கானிக் திறந்து காட்டினார். ஊளையை அமுக்கி வைத்திருந்த மரத்தூள், ஆயிலில் ஊறிக் கருப்பாகக் கூழாகியிருந்தது. அதற்குள் அதே பழைய பல்சக்கரம், உடைந்து கிடந்தது.

மாமா கூசாமல் சொன்னார்: “ஒங்க மவ வெளையாட்டா அள்ளிப் போட்டிருப்பா, அத்தான். பாவாடையில தூளோடதான அலைஞ்சா!”

உடைந்த பழைய பல்லை அப்பாவும் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் என்னை அறைந்தார். மச்சினனை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு மாமா எங்கள் வீட்டில் கறிச்சோறு தின்றார். பரிமாறியது நான்.

“ஆயில் சாஃப், சுத்தமா இருக்கு, ஆன்ட்டி” என்றான் மெக்கானிக்.

நான் குனிந்து, விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.