ஒரே தரம் கூப்பிட்ட குரல்

பேய்க்கெல்லாம் பயப்படுகிற ஆள் நான் இல்லை. சரி, அது பொய். இருட்டிவிட்டால் ஷெட்டிலிருந்து வீட்டுக்கு நடக்கவே மகளைத் துணைக்குக் கூப்பிடுவேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். எனக்குக் கையெழுத்துப் போடுவதோடு சரி.

நடந்தது போன ஐப்பசியில், ஏற்காடு தலைச்சோலையில், எங்கள் ஜீப் ஷெட்டுக்குள். மகளுக்குப் பாறை ஏறுவதில் பைத்தியம். வீட்டிலேயே ஏறிப் பழக ஒரு சுவர் வேண்டும் என்று போனில் படம் காட்டினாள். முன்பக்கம் சாய்ந்த பலகைச் சுவர், பிடித்து ஏற மரக்கட்டைகள், விழுந்தால் தாங்கக் கீழே மெத்தை.

"இதென்ன கண்ணு, கோழிக்கூண்டாட்டந்தான இருக்குது" என்றேன். ஜீப் ஓட்டுகிறவனுக்குத் தச்சு வேலை எதற்குத் தெரிய வேண்டும்? காப்பித் தோட்டத்தில் அப்போதுதான் வெட்டிய சில்வர் ஓக் மரத்தை, ஈரம் காயாமலே சட்டமாக அடித்து, மேலே பிளைவுட்டை முடுக்கினேன்.

வேலை முடிகிற அன்று மத்தியானம் பனி ஷெட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. என் கையே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. மகள் நாலு மணி பஸ்ஸில் வந்ததும் ஏறுவாள் என்று, சுவருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கடைசி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

தலைக்கு மேல் 'டக்' என்றது. கொஞ்சம் விட்டு, இன்னும் மேலே, 'டக்'. யாரோ ஒவ்வொரு கட்டையாகப் பிடித்து ஏறுகிற மாதிரி. சுவரில் யாரும் இல்லை.

"ஆருங்க அது?" என்றேன். பேயாகவே இருந்தாலும் 'ங்க' போட்டுப் பேசிவிடுவது நல்லது.

சத்தம் நின்றது. பிறகு வெளியே என் மனைவியின் குரல்.

"ஏனுங்க."

ஒரே தரம்.

எங்கள் பக்கம் பனிக்குள் யாராவது கூப்பிட்டால், மூன்று தரம் கேட்ட பிறகுதான் பதில் கொடுப்போம். ஒரு தரத்தோடு நிற்பது மனுஷக் குரல் இல்லை என்பார்கள். ஆனால் பேயைவிட எனக்கு இந்தக் குரலிடம்தான் பயம் அதிகம். முதல் தரத்திலேயே எழுந்து ஓடிப் பழகிய உடம்பு, ஓடிவிட்டது.

வாசலைத் தாண்டுவதற்குள் பின்னால் தரை அதிர்ந்தது. சுவர் முழுதும் மெத்தைமேல் குப்புறக் கிடந்தது. என் தலை இருந்த இடத்தில் ஒரு சட்டம் பிளைவுட்டைக் கிழித்துக்கொண்டு மெத்தையில் குத்தி நின்றது. வெளியே யாரும் இல்லை. பனிதான்.

காலையில் சேலம் போன மனைவி, மகளோடு நாலு மணி பஸ்ஸில்தான் வந்து இறங்கினாள். "நானுங்களா? அப்ப அடிவாரத்துல பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தனுங்க" என்றாள். கிடந்த சுவரைப் பார்த்ததும் மகளின் கையைப் பிடித்தவள், ராத்திரி சோறு போடும் வரை விடவில்லை.

பச்சை மரம் முறுக்கிக்கொண்டு போல்ட்டுகளைப் பிடுங்கிய சத்தம்தான் அந்த 'டக்' என்று பிறகு வந்த ஆசாரி சொன்னார். குரலைப் பற்றியும் கேட்டேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "அது மர வேலை இல்லீங்களே" என்றார்.

இப்போது காய்ந்த மரத்தில் புதுச் சுவர் நிற்கிறது. அதில் மகள் முதல் நாள் ஏறும்போது...

கொஞ்சம் இருங்கள். ஷெட் பக்கமிருந்து "ஏனுங்க" என்று கேட்டது. மனைவி என் எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். கையை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். வெளியே பனி.

மகளைத் துணைக்குக் கூப்பிடவில்லை, நான் மட்டும் போய்ப் பார்க்கிறேன். என் உயிரைக் காப்பாற்றிய குரலை இரண்டாம் தரம் கூப்பிட வைப்பது மரியாதை இல்லை.