ஏழாம் வாய்ப்பாடு

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. இப்போதும் ஷாதிபூரிலிருந்து ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் டிக்கெட் வரிசையில் நிற்கும்போது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டால் போதும், வாய்க்குள் ஏழாம் வாய்ப்பாடு ஓட ஆரம்பித்துவிடும். அதுவும் இந்தியில். சாத் ஏகம் சாத், சாத் தூனி சௌதா. சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். "என்னம்மா, ஜெபம் பண்றீங்களா?" என்று என் மகள் கிண்டல் செய்வாள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அவளிடம் என்னத்தைச் சொல்ல?

அறுபதுகளின் நடுவில் எனக்குப் பத்து வயது. அப்பா ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து ரோடு காண்ட்ராக்டில் மேஸ்திரியாக வந்தவர். பின்னாலேயே அம்மாவும் நானும் இந்தத் தீவுக்குக் கப்பலேறினோம். டாலிகஞ்சில் வாடகை வீடு. அப்பாவும் நானும் ஒரே நிறம், அம்மா வாயால் சொன்னால் அடுப்புச் சட்டி நிறம். ஊரில் அது பெரிய விஷயமில்லை, பாதிப் பேர் அப்படித்தான். கல்யாணப் பேச்சு வந்தால்தான் அதை எடுப்பார்கள்.

இங்கே வந்த மறு வருஷம் எனக்கு டைஃபாய்டு வந்து தலையை மொட்டை அடித்தார்கள். முடி திரும்ப வளரும்போது சுருள் சுருளாக, தலையோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்தது. அவ்வளவுதான், பள்ளிக்கூடத்தில் என் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். "ஏ ஜாரவா, இதர் ஆ!", இங்கே வா, என்றுதான் கூப்பிடுவார்கள். வங்காளத்துப் பிள்ளை, தெலுங்குப் பிள்ளை, நம் தமிழ்ப் பிள்ளை, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை.

ஜாரவாக்கள் எங்களுக்கெல்லாம் முன்பிருந்தே இந்தத் தீவுக் காட்டில் இருந்த ஆதிவாசிகள். அப்போது அவர்கள் யாரையும் உள்ளே விடவில்லை. காட்டுக்குள் போனவர்கள் மேல் அம்பு வரும், பதிலுக்கு இந்தப் பக்கமிருந்து துப்பாக்கி வெடிக்கும். அதனால் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது 'கறுப்பி' என்று கூப்பிடுவதைப் போன்றதில்லை. ஜாரவாவைக் கண்டால் சுட்டுவிடலாம் என்று பெரியவர்கள் டீக்கடையில் பேசியதை நாங்கள் எல்லோருமே கேட்டிருந்தோம். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வந்து எண்ணெய் வைத்து அந்த முடியை இழுத்து இழுத்து நீட்டப் பார்ப்பேன். அது திரும்பச் சுருண்டுகொள்ளும், சனியன்.

கோடை லீவில் அம்மாவும் நானும் அப்பாவின் கேம்ப்புக்குப் போனோம். காட்டு ஓரத்தில் ஓலைக் கொட்டகைகள். அங்கிருந்து அரை மைல் உள்ளே, மரம் வெட்டி ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று காண்ட்ராக்டர் குதித்துக்கொண்டிருந்தார். காடு யாருடையது, ரோடு யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வயசா அது?

நாங்கள் போய்ச் சேர்ந்த வாரம்தான் ராஞ்சியிலிருந்து வந்த கூலி ஒருவரின் தொடையில் அம்பு பாய்ந்திருந்தது. உயிர் பிழைத்துவிட்டார். அதற்காகக் காண்ட்ராக்டர் ஒரு காவல்காரரைத் துப்பாக்கியோடு கொண்டுவந்து வைத்தார். வடக்கத்திக்காரர், பட்டாளத்தில் இருந்தவர். எல்லோரும் அவரை ஃபௌஜி என்று கூப்பிடுவார்கள். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன், எனக்கு வெல்லம் எல்லாம் கொடுத்திருக்கிறார். ஆனால் அவருக்கும் பயம். இலை அசைந்தால் துப்பாக்கியைத் தூக்குவார்.

ஒரு சாயங்காலம் அப்பா ஓடையில் குளித்துவிட்டுக் கோவணத்தோடு, வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு புதருக்குள்ளிருந்து வெளியே வந்தார். ஃபௌஜி துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா இரண்டு கையையும் மேலே தூக்கி, தெரிந்த இந்தி வார்த்தைகளையெல்லாம் கொட்டினார். "பாயி! பாயி! பானி! சாவல்! மேஸ்திரி! மேஸ்திரி!" தண்ணீர், அரிசி என்று அர்த்தமில்லாமல் கத்தினார். துப்பாக்கி மெல்ல இறங்கியது.

அப்புறம் ஒரே சிரிப்பு. "அஸ்லி ஜாரவா!", அசல் ஜாரவா, என்று ஃபௌஜி தொடையைத் தட்டிச் சிரித்தார். காண்ட்ராக்டர், மெட்ராஸ்காரர், நல்ல சிவப்பு, அவரும் வந்து சேர்ந்துகொண்டார்.

"ஏன் மேஸ்திரி, நீர் நெசமாவே மெட்ராஸ்லதான் கப்பல் ஏறினீரா? இல்ல இங்கேயே மொளைச்சீரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பல் மட்டும் தெரிந்த ஒரு சிரிப்பு. வேட்டியைக் கட்டப் போனார், முடிச்சு விழவே இல்லை. கடைசியில் அம்மாதான் கட்டிவிட்டாள்.

அன்றைக்குச் சோறு போடும்போது அம்மா சொன்னாள். "இந்தாருங்க, இனிமே சட்டை போடாம எங்கயும் போகாதீங்க. வேர்த்தாலும் சரி, நாறினாலும் சரி." பிறகு என்னைப் பார்த்தாள். அப்பாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலை. "ஏண்டி, நீ பள்ளிக்கூடத்துல இந்தியில வாய்ப்பாடு சொல்லுவியே, எது நல்லா வரும்?"

"ஏழு."

"அதையே சத்தமா சொல்லிக்கிட்டே போ, சொல்லிக்கிட்டே வா. வாயை மூடாத. சத்தம் கேட்டாத்தான் நம்ம ஆளுன்னு அந்தாளுக்குத் தெரியும்."

"ஜாரவாவுக்கும் கேக்குமே?"

அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். எந்தப் பயம் பெரியது என்று அவள் அதற்குள் முடிவு செய்துவிட்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து தூக்குச்சட்டியைக் கையில் எடுத்தவுடன் ஆரம்பித்துவிடுவேன். சாத் ஏகம் சாத். எழுபதில் முடித்ததும் மறுபடி ஏழு. மரங்களுக்கு நடுவில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்கும். மூச்சு வாங்குவதற்கு நிறுத்தினால் அந்த இடைவெளியில் என் முதுகு சில்லிடும். இடது பக்கக் காட்டில் அம்பு, வலது பக்கக் காட்டில் துப்பாக்கி என்று எனக்கு ஒரு கணக்கு. இரண்டுக்கும் நடுவே நான் கத்திக்கொண்டு போவேன். ராத்திரி தூக்கத்திலும் சொன்னேனாம், அம்மா சொல்லுவாள்.

பத்து நாள் போயிருக்கும். அன்று வெயில் அப்படி ஒரு வெயில், தொண்டை வறண்டு குரல் கட்டிக்கொண்டது. பாதி வழியில் ஓடை. உன்ச்சாஸ், நாற்பத்தொன்பது வரைக்கும் சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம் என்று பாறைகளுக்கு நடுவே இறங்கிக் குந்தினேன். இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

எதிர்க்கரைப் பாறை இடுக்கில் ஒரு பெண் பிள்ளை குந்தியிருந்தாள். என் வயசுதான். முழங்கை வரை ஈரம், பக்கத்தில் சின்னக் கூடை. இறால் தேடியிருப்பாள் போலிருக்கிறது. நான் குந்தியபடியே இருந்தேன். அவளும் அசையவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தலையைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஈரக் கையைத் தூக்கித் தன் தலையைத் தொட்டுக்கொண்டாள். அதே முடி. நான் இழுத்து இழுத்துப் பார்த்த அதே முடி.

அவளைப் பார்த்து எனக்குப் பயம் இருந்ததா என்று இப்போது யோசித்தால், இருந்தது. ஆனால் கொஞ்சம்தான். அவளிடம் வில்லும் இல்லை, ஒன்றும் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மேலே சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. "கோன் ஹை!" யாரது என்று ஃபௌஜியின் குரல். மேட்டிலிருந்து பார்த்தால் பாறைகளுக்கு மேலே இரண்டு தலைகள் மட்டும்தான் தெரிந்திருக்கும். திரும்பிப் பார்த்தேன். துப்பாக்கி என்னைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது. அந்த ஆளின் முகத்தில் குழப்பம். எந்த நாளும் எனக்கு வெல்லம் கொடுக்கிற ஆள்! அவருக்கு நான் யாரென்று தெரியவில்லை.

கட்டியிருந்த தொண்டையிலிருந்து எப்படித்தான் அந்தச் சத்தம் வந்ததோ, "சாத் ஏகம் சாத்! சாத் தூனி சௌதா!" என்று அலறினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா அதை மட்டும்தான் சொல்லித்தந்தாள். நான் கையை நீட்டினேன். எதிர்க்கரையைக் காட்டினேன்.

"மை நஹீ! ஜாரவா உதர்!" நான் இல்லை, ஜாரவா அங்கே.

துப்பாக்கி வெடித்தது.

எனக்குக் காது அடைத்துப்போயிற்று. புகை விலகியபோது எதிர்க்கரையில் யாருமில்லை. கூடை மட்டும் தண்ணீரில் சாய்ந்து, மெல்லச் சுற்றிக்கொண்டு போனது. நான் வாய்ப்பாட்டை நிறுத்தவில்லையாம். ஃபௌஜி என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போதும் சொல்லிக்கொண்டே போனேனாம்.

கேம்ப்பில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஃபௌஜி தனக்குத் தெரிந்த தமிழில் காண்ட்ராக்டருக்கு விளக்கினார். "ரெண்டு தலை சாப், ரெண்டும் ஏக் ஜைசா, ஒரே மாதிரி. இந்தப் பொண்ணு வாய்ப்பாடு சொல்லலேன்னா எதைச் சுடறதுன்னு எனக்கு எப்படி மாலூம்?" என் தலையைத் தடவி, "ஷாபாஷ்!" என்றார். காண்ட்ராக்டர் பிஸ்கட் பொட்டலம் ஒன்றை முழுசாக என் மடியில் போட்டார். "புத்திசாலிப் பொண்ணு, நம்ம பொண்ணு" என்றார். நம்ம பொண்ணு! அன்றிலிருந்து அந்தக் கேம்ப்பில் யாரும் என்னை ஜாரவா என்று கூப்பிடவில்லை. எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அத்தனை பிஸ்கட்டையும் நானே தின்றேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

அப்பா மட்டும் அந்தக் கூட்டத்தில் நிற்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சின்னப் புள்ளையா, தாயி?"

தலையை ஆட்டினேன்.

"உன் வயசிருக்குமா?"

அதற்கும் ஆட்டினேன். அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு, சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு, ஓடைப் பக்கம் போனார். அம்மா போக வேண்டாம் என்று கையைப் பிடித்தாள், விடுவித்துக்கொண்டு போனார். அவர் திரும்பி வரும் வரைக்கும் நான் கொட்டகைக் கம்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. அரிவாளில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவிவிட்டு அதைக் கூரையில் செருகினார்.

"ரத்தம் கித்தம் ஒண்ணுமில்ல தாயி. அது பாட்டுக்கு ஓடிருச்சு."

"நெசமாவாப்பா?"

"நெசந்தான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். காண்ட்ராக்டர் முன்னால் அன்றைக்குச் சிரித்தாரே, பல் மட்டும் தெரிய, அதே சிரிப்பு.